கார்க்கை வெகுநேரம் சூடாக்கினால் அதன் குணங்கள் எப்படி மாறும்?

கேள்வி இது: கார்க்கைப் பல மணி நேரம் தொடர்ந்து சூடாக்கினால் அதன் மீள்தன்மை, மிதக்கும் தன்மை, வெப்பத்தைத் தடுக்கும் தன்மை எல்லாம் என்ன ஆகும்? தண்ணீரில் கொதிக்க வைப்பதும் அவன் (oven) அடுப்பில் வைத்துச் சுடுவதும் ஒன்றுதானா?

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒன்றல்ல. ஏறக்குறைய எதிரெதிரான காரியங்கள் என்றே சொல்லலாம். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சூடு பட்டால் கார்க் கெட்டுப்போகும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். அதன் குணங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மீள்தன்மை சீக்கிரம் போகிறது. வெப்பத்தைத் தடுக்கும் தன்மை கடைசி வரை நிற்கிறது, ஒரு கட்டம் வரை கூடவும் செய்கிறது. கையில் எடுத்தால் நொறுங்கும் அளவுக்குச் சுட்ட கார்க், சுடாத கார்க்கைவிட நல்ல வெப்பத்தடுப்பாக இருக்க முடியும். இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் வெளிப்பட்டை. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, இத்தாலி என்று மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சுற்றி வளரும் மரம் இது. உலகக் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். அது மறுபடி வளர ஒன்பது ஆண்டுகளாவது விட வேண்டும்.

1665இல் ராபர்ட் ஹூக் ஒரு கார்க் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, சின்னச் சின்ன அறைகளைக் கண்டு அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அந்த அறைகளின் அமைப்புதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு செல்லும் சுமார் 30 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) உயரம் உள்ள மூடிய பெட்டி. சுவரின் தடிமன் 1 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கன சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான செல்கள் அடைந்திருக்கின்றன. உள்ளே உயிர்ப்பொருள் எதுவும் கிடையாது, காற்றைப் போன்ற வாயு மட்டும்தான். சுவர்ப் பொருளை மட்டும் தனியாக எடுத்தால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஆனால் கார்க்கின் மொத்த அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 120 முதல் 240 கிலோ வரைதான். அப்படியென்றால் கனஅளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வாயுதான்.

சுவர் பல பொருள்களால் ஆனது. பெரும்பங்கு, ஏறக்குறைய 40 சதவீதம், சுபெரின். கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பின்னிய, தண்ணீரை ஒட்டவிடாத பொருள் இது. அடுத்தது மரக்கட்டையிலும் உள்ள லிக்னின் என்ற கெட்டிப் பொருள், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அப்புறம் சர்க்கரைச் சங்கிலிகளான செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சேர்ந்து இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் மெழுகுகள், டானின் போன்ற பீனால் பொருள்கள், கொஞ்சம் சாம்பல் சத்து. இவற்றோடு சாதாரண நிலையில் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஈரமும் சுவரில் ஊறியிருக்கும். இந்த ஈரத்தை மறந்துவிடாதீர்கள். சூட்டில் கார்க் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்.

இப்போது அந்த முரணுக்கு வரலாம். கார்க்கை அழுத்தினால் சுவர்கள் மடிகின்றன, விட்டால் நிமிர்கின்றன. ஆக, மீள்தன்மை சுவரின் குணம். சுவரில் விரிசல் விட்டாலோ, சுவர் விறைத்துப் போனாலோ அது போய்விடும். வெப்பத்தைத் தடுப்பதோ அந்தச் சின்ன அறைகளில் அடைபட்ட வாயு. அறை அவ்வளவு சிறியதாக இருப்பதால் உள்ளே வாயு சுழன்று வெப்பத்தைக் கடத்த முடியாது. திடப்பொருள் குறைவாக இருப்பதால் சுவர் வழியாகப் போகும் வெப்பமும் குறைவு. சுவர் மெலிந்தால், அறை பெருத்தால், இந்தக் குணம் இன்னும் மேம்படத்தான் செய்யும். சூடு சுவரை மெலிய வைக்கிறது, அறையைப் பெருக்க வைக்கிறது. ஒரே மாற்றம் ஒரு குணத்துக்குக் கேடாகவும் இன்னொன்றுக்கு நன்மையாகவும் முடிவது இப்படித்தான்.

சரி, முதலில் தண்ணீரில் கொதிக்க வைப்பதைப் பார்ப்போம். கார்க் தொழிலில் எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. உரித்த பட்டைகளைச் சில மாதங்கள் திறந்தவெளியில் அடுக்கிக் காயவிட்டு, பிறகு கொதிநீரில் சுமார் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைப்பது வழக்கம். மரத்தின் வளைவோடு வரும் பட்டை இதில்தான் தட்டையான பலகையாகிறது. பூச்சிகளும் பெரும்பாலான கிருமிகளும் சாகின்றன. தண்ணீரில் கரையும் டானின் போன்றவை வெளியேறுவதால் கொதிநீர் பழுப்பு நிறமாகிவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இதைவிடச் சுவாரசியமான ஒன்று தெரியும். மரத்தில் புதிய செல்கள் உள்பக்கத்திலிருந்து வளரும்போது, ஏற்கெனவே உள்ள செல்களை வெளிப்பக்கமாக நெருக்குகின்றன. அதனால் பச்சைக் கார்க்கில் செல் சுவர்கள் நேராக இருக்காது, அலையலையாகக் கசங்கியிருக்கும். கொதிநீர் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. வெந்நீர் சுவருக்குள் ஊறி அதை இளக்குகிறது. உள்ளே அடைபட்ட வாயு சூடாகி, நீராவியும் சேர்ந்து, சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இளகிய சுவர் தள்ளலுக்கு இணங்கி நிமிர்கிறது. மரத்தின் ஆரத் திசையில், அதாவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பட்டை 15 சதவீதத்தை ஒட்டி விரியும். மற்ற இரு திசைகளிலும் அதில் பாதிக்கும் குறைவாகவே விரியும். எடை பெரிதாகக் குறையாமல் கனஅளவு கூடுவதால் அடர்த்தி இறங்குகிறது. ஆரத் திசைக்கும் மற்றத் திசைகளுக்கும் இடையில் குணத்தில் இருந்த வேறுபாடும் கொஞ்சம் தேய்கிறது.

முக்கியமான விஷயம், இந்தக் கட்டத்தில் வேதியியல் ரீதியாகச் சுவர் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. சுபெரினையோ லிக்னினையோ செல்லுலோஸையோ உடைக்க 100 டிகிரி போதாது. இது வடிவத்தில் நடந்த மாற்றம்தான். அதனால்தான் கொதிக்க வைத்த கார்க் மென்மையாகவும், நன்றாக அழுந்தி மீள்வதாகவும் இருக்கிறது. சூடு கார்க்கின் குணத்தை மேம்படுத்துகிறது என்று தயங்காமல் சொல்லத்தக்க இடம் இது.

அப்படியானால் ஒரு மணிக்குப் பதிலாகப் பத்து மணி நேரம் கொதிக்க வைத்தால் பத்து மடங்கு நல்லதா? இல்லை. சுவர்கள் நிமிரும் வேலை முதல் மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே கொதித்த பலகையை இரண்டாவது முறை கொதிக்க வைத்தால் விரிவு மிகக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் நிமிர்வதற்குக் கசங்கல் மிச்சமில்லை. அதற்குப் பிறகு நடப்பவை எல்லாம் இழப்புதான். கரையக்கூடிய பொருள்கள் மேலும் மேலும் வெளியேறும். குளிர்ந்த நீரில் கார்க் தண்ணீரை மிக மிக மெதுவாகத்தான் ஏற்கும், வெந்நீரில் அந்த வேகம் பலமடங்கு கூடும். முதலில் சுவர் முழுக்க ஊறும், பிறகு மெல்ல மெல்ல அறைகளுக்குள்ளும் நீர் நுழையும். நீர் புகுந்த கார்க் கனத்து, தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும். அப்புறம் அதைக் காயவைக்கும்போதும் சிக்கல் உண்டு. இளகி ஊறிய சுவர்கள் சீரில்லாமல் சுருங்கி, சில செல்கள் உள்வாங்கிச் சப்பையாகிவிடும். இதனால்தான் கொதிக்க வைத்த பலகைகளை வேகமாக உலர்த்தாமல் நிழலில், நிதானமாக, ஈரம் சமனாகும் வரை வைத்திருக்கிறார்கள்.

ஈரமும் சூடும் சேர்ந்தால் கார்க் இளகும் என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஷாம்பெயின் புட்டியிலிருந்து எடுத்த தக்கை காளான் வடிவத்தில் இருக்கும், கழுத்தில் இறுகியிருந்த பகுதி ஒல்லியாக இருக்கும். அதைக் கொதிக்கும் நீரில் சிறிது நேரம் போட்டால் ஒல்லிப் பகுதி கண்முன்னே பருத்து, பழைய உருளை வடிவத்துக்குப் பெருமளவு திரும்பும். வருடக்கணக்கில் அழுந்திக் கிடந்த சுவர்கள் உடையாமல் மடிந்துதான் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கிளாரினெட் போன்ற கருவிகளின் இணைப்பில் ஒட்டியிருக்கும் கார்க் நாளடைவில் அழுந்தித் தளர்ந்துவிட்டால், பழுது பார்ப்பவர்கள் அதற்குச் சூடு காட்டி உப்ப வைப்பதும் இதே தத்துவம்தான். ஆனால் அது தற்காலிக வைத்தியம். ஒவ்வொரு முறையும் ஈரம் கொஞ்சம் போகிறது. கடைசியில் புதிய கார்க் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

உலர் சூட்டுக்கு வருவோம். அவனில், சூடான காற்றில், அல்லது எஞ்சின் பக்கத்தில் வருடக்கணக்கில் இருப்பது எல்லாம் இதில் அடங்கும்.

100 டிகிரி வரையிலும் உலர் சூடு முதலில் செய்வது சுவரில் ஊறியிருந்த ஈரத்தை விரட்டுவது. சுவரை வளையும்படி வைத்திருப்பதில் அந்த ஈரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது போனதும் கார்க் விறைப்பாகிறது, கொஞ்சம் சுருங்கவும் செய்கிறது. சூடாக இருக்கும்போது மென்மையாகத் தோன்றலாம். ஆறிய பிறகு அழுத்திப் பார்த்தால்தான் விறைப்பு தெரியும். ஆனால் இந்த இழப்பு மீளக்கூடியது. அதே கார்க்கைச் சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் சில நாள்கள் விட்டுவைத்தால் ஈரத்தை மறுபடி ஏற்றுக்கொள்ளும், மீள்தன்மையும் பெரும்பாலும் திரும்பும்.

100 முதல் 150 டிகிரி வரை, பல மணி நேரம், பல நாள் என்று போனால் நிலைமை மாறுகிறது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கூடிச் சுவர்களின் கசங்கல் இந்த உலர் சூட்டிலும் நிமிர்கிறது, கார்க் சற்று உப்புகிறது. மெழுகுகள் இளகி இடம் மாறுகின்றன. எளிதில் ஆவியாகும் சில பொருள்கள் வெளியேறுகின்றன. நிறம் மெல்ல அடர்கிறது. வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் வினை புரியத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இந்த வெப்பநிலையில்தான் 'வெகுநேரம்' என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் வருகிறது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பது, அதிகச் சூட்டில் கொஞ்ச நேரம் வைப்பதற்கு ஓரளவு சமம். ஆனால் முழுவதும் அல்ல, ஏனென்றால் கீழே சொல்லப்போகும் சிதைவுகள் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே மிக மிக மெதுவாகத்தான் நடக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்க் சும்மா கிடந்து சூடாவது வேறு, அழுத்தத்தில் இருந்துகொண்டு சூடாவது வேறு. எஞ்சின் மூடிகளில் கசிவைத் தடுக்க இடையில் கார்க் தகடு, அதாவது கேஸ்கெட், வைப்பார்கள் அல்லவா, அது போல்ட்டுகளுக்கு இடையில் நசுங்கிய நிலையிலேயே சூடேறி, ஆறி, மறுபடி சூடேறுகிறது. சூட்டில் சுவர்கள் இளகும்போது நசுங்கிய வடிவத்துக்கே அவை பழகிவிடுகின்றன. எதிர்த்துத் தள்ளும் விசை தளர்கிறது. பிறகு ஈரமும் போய் விறைத்துவிட்டால் அந்தச் சப்பை வடிவமே நிரந்தரமாகிவிடும். போல்ட்டை இறுக்கினால் மீண்டும் அடைக்கும் என்று நினைத்து இறுக்கினால் கேஸ்கெட் பிளந்துகொள்ளும். பழைய எஞ்சினில் எண்ணெய் கசிவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். இப்படிப்பட்ட கேஸ்கெட்டுகள் பெரும்பாலும் கார்க் துகளும் ரப்பரும் கலந்தவை என்பதால், பல சமயம் கார்க்குக்கு முன்பே ரப்பர் கெட்டியாகிவிடும். தாங்கும் சூட்டைத் தீர்மானிப்பதே அந்த ரப்பரின் வகைதான்.

150க்கு மேல் 200 டிகிரியை நெருங்கும்போது வேதிச் சிதைவு தொடங்குகிறது. சுவரில் உள்ள பொருள்களில் சூட்டுக்கு மிகவும் பலவீனமானது ஹெமிசெல்லுலோஸ். 200 டிகிரியை ஒட்டி அது சிதைந்து மறைகிறது. 250 டிகிரியில் செல்லுலோஸும் பெரிதாகச் சேதமாகிறது. சுபெரினும் லிக்னினும் இவற்றைவிட அதிகம் தாங்கும். சுபெரின் முழுமூச்சாகச் சிதைவது 400 டிகிரியை ஒட்டித்தான். கார்க்கை மெல்லச் சூடாக்கிக்கொண்டே எடை பார்த்தால் இந்த வரிசை தெளிவாகத் தெரியும். 300 டிகிரியைச் சுற்றி ஒரு பெரிய சரிவு வரும், அது சர்க்கரைச் சங்கிலிகள் உடைவது. 400ஐச் சுற்றி இன்னொன்று வரும், அது சுபெரின்.

சாதாரண மரக்கட்டையோடு ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் புரியும். மரத்தில் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சேர்ந்து பெரும்பகுதி. அவை போனால் மரமே போயிற்று. கார்க்கில் அவை ஐந்தில் ஒரு பங்குதான். சுவரின் பெரும்பகுதியான சுபெரின் அப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் செல்களின் வடிவம் குலையாமல் இருக்கிறது. ஆனால் சுவருக்கு விறைப்பும் பிடிமானமும் கொடுத்து வந்த சர்க்கரைச் சங்கிலிகள் போய்விட்டதால் வலு இறங்கிவிடுகிறது. அழுத்தினால் மடிவதற்குப் பதில் விரிசல் விடுகிறது. முன்பு மடிந்து நிமிர்ந்த கார்க் இப்போது பொடியாகிறது. இந்த இழப்புக்கு மீட்சி கிடையாது. ஈரம் ஏற்றினாலும், நீராவி காட்டினாலும் திரும்பாது.

அதே நேரத்தில் செல்களுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 டிகிரியில் அடைபட்ட வாயுவை, கனஅளவு மாறாமல், 327 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் சரியாக இரண்டு மடங்காகும். முழுப் பூஜ்யத்திலிருந்து வெப்பநிலையை எண்ணும் கெல்வின் அளவில் இது 300லிருந்து 600. இதோடு சுவரிலிருந்து பிரியும் நீராவியும் சிதைவில் உண்டாகும் வாயுக்களும் சேர்கின்றன. வெளியே போக வழியில்லை. சுவரோ இளகியிருக்கிறது. விளைவு, செல்கள் பலூன் போல உப்புகின்றன, சுவர்கள் நீண்டு மெலிகின்றன, அடர்த்தி சடாரென்று இறங்குகிறது.

மனிதர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். நியூயார்க்கில் படகு கட்டும் தொழிலில் இருந்த ஜான் ஸ்மித் என்பவர் 1890களின் தொடக்கத்தில் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள். கார்க் துகள் அடைத்த ஓர் உலோக உருளை அடுப்புத் தணலுக்குள் போய் மாட்டிக்கொண்டதாம். பிறகு எடுத்துப் பார்த்தால் துகள்கள் கருகிப் போகாமல், ஒன்றோடொன்று ஒட்டிய பழுப்புக் கட்டியாக இருந்தனவாம். கதையின் விவரங்கள் எப்படியோ, அந்தச் செய்முறை இன்றும் நடக்கிறது. தக்கை செய்யத் தகுதியில்லாத கரடுமுரடான கார்க்கை, முக்கியமாகக் கிளைகளிலிருந்து கிடைக்கும் முதல் பட்டையை, துகளாக்கி மூடிய அச்சில் நிரப்புகிறார்கள். 300 டிகிரிக்கு மேல் சூடேறிய நீராவியைச் சில பத்து நிமிடங்கள் செலுத்துகிறார்கள். துகள்கள் உப்புகின்றன. அச்சு மூடியிருப்பதால் உப்பும் துகள்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சிதைவில் கசியும் பிசின் போன்ற பொருளே அவற்றை ஒட்டிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுப் பசை சேர்ப்பதில்லை. இதுதான் கருப்புக் கார்க் பலகை.

கருப்புக் கார்க்கை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை என்பது என் எண்ணம். 300 டிகிரியைத் தாண்டிச் சுட்ட கார்க் இது. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 100 முதல் 120 கிலோ. வெப்பம் கடத்தும் எண் சாதாரணக் கார்க்குக்கு 0.045ஐ ஒட்டி இருக்கும், இதற்கு 0.040ஐ ஒட்டித்தான், சில நேரம் அதற்கும் கீழே. அதாவது வெப்பத்தை இன்னும் நன்றாகத் தடுக்கிறது. தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது. ஆனால் இதை வெட்டிப் புட்டிக்குத் தக்கையாகப் போட முயன்றால் உதிர்ந்துவிடும். குளிர்பதனக் கிடங்குகளின் சுவரிலும் கூரையிலும் பல தலைமுறைகளாக இது இருந்துவருகிறது. 2000ஆம் ஆண்டு ஹனோவர் உலகக் கண்காட்சியில் அல்வாரோ சிசாவும் எதுவார்தோ சோத்தோ த மோராவும் வடிவமைத்த போர்ச்சுகல் அரங்கு, வெளிச்சுவரிலேயே கார்க் போர்த்தி நின்றது.

ஒரு நிபந்தனை இங்கே உண்டு. அந்தச் சூடு காற்றில்லாத நீராவியில், அளவான நேரத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதே 300 டிகிரியைத் திறந்த காற்றில், மணிக்கணக்கில் கொடுத்தால் கருப்புக் கார்க் கிடைக்காது, கரிதான் கிடைக்கும். ஆக்சிஜன் சேர்ந்தால் சிதைவு எரிதலாக மாறிவிடும். மெலிந்த சுவர்கள் வெடித்து, வாயு வெளியேறி, கார்க் சுருங்கத் தொடங்கும். வெப்பத்தடுப்பும் அப்போதுதான் உண்மையில் சரியத் தொடங்குகிறது.

கரியான பிறகும் ஒரு வியப்பு மிச்சமிருக்கிறது. காற்றில்லாமல் 900 டிகிரி வரை கொண்டுபோய்க் கார்க்கை முழுக்கக் கரியாக்கினாலும், நுண்ணோக்கியில் அதே தேன்கூட்டு அறைகள் தெரிகின்றன. பொருள் முழுக்க மாறிவிட்டது, வடிவம் அப்படியே இருக்கிறது. பழங்காலத்தில் ஓவியர்கள் பயன்படுத்திய 'ஸ்பானிஷ் கருப்பு' என்ற நிறமி கார்க்கைக் கரித்துச் செய்ததுதான்.

விண்வெளித் துறை கார்க்கை நம்பியதும் இந்தக் காரணத்தால்தான். கார்க் உருகாது, சொட்டாது. மேற்பரப்பு கரியாகும். அந்தக் கரி அடுக்கே உள்ளிருக்கும் கார்க்குக்குக் கவசமாகி வெப்பத்தை மெதுவாக்கும். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் வெப்பக் கவசப் பொருளில் அரைத்த கார்க் கலந்திருந்தது. விண்வெளி ஓடங்களைத் தூக்கிச் சென்ற திட எரிபொருள் ராக்கெட்டுகளின் வெளிப்பரப்பிலும் சில இடங்களில் கார்க் தகடு ஒட்டியிருந்தார்கள். சில நிமிடங்களுக்குத் தாங்கினால் போதும் என்ற இடங்கள் அவை. மீள்தன்மை அங்கே யாருக்கும் தேவையில்லை. மரத்துக்குக் கார்க் செய்வதும் இதே வேலைதான். காட்டுத்தீ கடந்து போனாலும் பட்டை கருகி, உள்ளிருக்கும் உயிர்த்திசு தப்பி, கார்க் ஓக் மறுபடி கிளைகளில் துளிர்க்கிறது.

எரிதல் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. கார்க் தீப்பிடிக்காது என்று விளம்பரங்களில் பார்க்கலாம். அது சரியல்ல. மெதுவாகத்தான் பற்றும், சுடர் எளிதில் பரவாது. ஆனாலும் எரியக்கூடிய பொருள்தான். ஐரோப்பிய வகைப்பாட்டில் பூச்சு இல்லாத கருப்புக் கார்க் பலகை 'ஈ' (E) வகுப்பில் வருகிறது, அது நல்ல மதிப்பெண் அல்ல. அடுப்பை ஒட்டியோ புகைபோக்கியைச் சுற்றியோ வைக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி நடைமுறைக் கேள்விகளுக்கு வரலாம்.

புட்டித் தக்கைகளைக் கிருமி நீக்கக் கொதிக்க வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல தக்கை ஒன்றின் விட்டம் பொதுவாக 24 மில்லிமீட்டர், அது போய் உட்கார வேண்டிய கழுத்தின் உள்விட்டம் சுமார் 18.5. இவ்வளவு நெருக்கத்தில் நுழைந்து, பல ஆண்டுகள் கண்ணாடியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் முழுக்கச் சுவரின் மீள்தன்மையிலிருந்து வருவது. அரை மணி, ஒரு மணி என்று தக்கையை மறுபடி கொதிக்கவிட்டால் வழுக்குவதற்காக மேலே பூசிய மெழுகோ சிலிக்கோனோ கெடும், தக்கை ஊறி உப்பும், உள்ளே போகும்போது கிழியும், காய்ந்த பிறகு சீரற்றுச் சுருங்கும். சில நிமிடம் ஆவி காட்டுவதோ, கொதித்து இறக்கிய நீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுவதோ போதும். தூய்மையாகப் பொதியப்பட்டு வந்த புதிய தக்கைக்கு அதுவும் பெரும்பாலும் தேவையில்லை. அவனில் வைத்து உலர் சூட்டில் கிருமி நீக்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கண்ணாடிக் கருவிகளுக்கு வைக்கும் 160, 170 டிகிரி சூடும் மணிக்கணக்கான நேரமும் கார்க்கின் சுவருக்கு நேரடிக் கேடு.

சூடான பாத்திரம் வைக்கும் கார்க் தட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் 100 டிகிரிதான், வைத்த பிறகு ஆறிக்கொண்டே போகும். அடுப்பிலிருந்து நேராக இறக்கிய வெறும் இரும்புச் சட்டி அப்படியல்ல. அது 250 டிகிரி வரைகூடச் சூடாகியிருக்கலாம், தட்டில் பழுப்பு வட்டம் விழும். அந்த இடத்தில் மேற்பரப்பு மட்டும்தான் சிதைந்திருக்கும், உள்ளே கார்க் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் துகளைப் பசை கொண்டு ஒட்டியவை. வாடை வந்தால் அது பல நேரம் கார்க்கின் வாடையல்ல, பசையின் வாடை. பொதுவாகவே, துகள் ஒட்டிய கார்க் எதுவானாலும் அது தாங்கும் சூட்டைக் கார்க்கைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பசையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தரையில் ஒட்டிய கார்க்குக்கு அடியில் வெப்பக் குழாய் ஓடும் வீடுகளில் சூடு 30 டிகிரியைக்கூட எட்டாது. அங்கே சிதைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதக்கணக்கில் ஈரம் குறைந்து பலகைகள் சற்றுச் சுருங்கி, இணைப்பில் கீற்று இடைவெளி தெரியலாம். அறைக் காற்றின் ஈரப்பதத்தைச் சரியாக வைத்தால் அதுவும் அடங்கும்.

வெப்பத்தடுப்பாகப் பயன்படும் கருப்புக் கார்க்குக்குத் தயாரிப்பாளர்கள் தொடர் பயன்பாட்டு உச்சமாக 110, 120 டிகிரி என்று குறிப்பிடுவார்கள். ஏற்கெனவே 300 டிகிரி பார்த்த பொருளுக்கு ஏன் இவ்வளவு குறைந்த வரம்பு என்று தோன்றும். தயாரிப்பில் பட்ட சூடு சில பத்து நிமிடம், அதுவும் ஆக்சிஜன் இல்லாமல். பயன்பாட்டில் படுவதோ வருடக்கணக்கில், திறந்த காற்றில். இரண்டையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது. சூடான குழாய்க்கு உறை போடுபவர்கள் அந்த வரம்பைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

உங்கள் கையில் இருக்கும் கார்க் அளவுக்கு மீறிச் சூடுபட்டதா என்று தெரிய வேண்டுமானால், அதிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, சாதாரண அறையில் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள், ஈரம் சமனாகட்டும். அப்புறம் விரல்களுக்கு இடையில் வைத்துப் பாதி தடிமனுக்கு அழுத்தி விடுங்கள். அழுந்தி, உடனே பெருமளவு எழும்பி, மீதியும் கொஞ்ச நேரத்தில் எழும்பினால் சுவர்கள் நன்றாக இருக்கின்றன, போனது ஈரம் மட்டும்தான். அழுந்தியபடியே நின்றுவிட்டு, கொதிநீரில் சில நிமிடம் போட்டதும் எழும்பினால் சூட்டில் சுவர்கள் மடிந்த நிலைக்குப் பழகியிருக்கின்றன. அடைப்பு வேலைக்கு அதை நம்ப வேண்டாம், மற்ற வேலைகளுக்கு ஆகும். அழுத்தும்போதே மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்டு, விளிம்பில் பழுப்புத் தூள் உதிர்ந்தால் ஹெமிசெல்லுலோஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கார்க்கைத் தக்கையாகவோ கேஸ்கெட்டாகவோ பயன்படுத்தாதீர்கள். அசையாத இடத்தில், எதையும் தாங்க வேண்டிய அவசியமில்லாத வெப்பத்தடுப்பாக வைத்தால் இன்னும் நெடுநாள் உழைக்கும்.